கோட்டி, பிராந்து, கீழ்ப்பாக்கம்: எல்லையோரத் தமிழரும் மனநோய் மருத்துவமும்

நான் பிறந்து வளர்ந்த லயத்தில் மனநோய்க்கு ஒரே பெயர்தான் இருந்தது: கோட்டி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்கு மலையேறி வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த சொல் அது. கடைவீதியில் மலையாளம் பேசுவோர் அதையே பிராந்து என்றார்கள். பெரிய டவுன்களிலோ நோயின் பெயரே மறைந்து ஊரின் பெயர் வந்துவிடும். சென்னையில் கீழ்ப்பாக்கம், கோழிக்கோட்டில் குதிரவட்டம், திருவனந்தபுரத்தில் ஊளம்பாறை. "அவன் கீழ்ப்பாக்கம் கேஸ்ப்பா" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. நோய்க்கு ஊர்ப்பெயர் எப்படி வந்தது என்று பார்த்தால், நம் நாட்டில் மனநோய் மருத்துவம் நடந்த வழி ஓரளவு புலப்படும்.

சென்னையில் 1794-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் வாலண்டைன் கோனலி மனநோயாளர் விடுதி ஒன்றைத் தொடங்கினார். கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள மருத்துவமனை 1871-இல் 145 நோயாளிகளோடு தொடங்கியது. திருவனந்தபுரத்தில் 1870, கோழிக்கோட்டில் 1872, திருச்சூரில் 1889. இந்த ஆண்டுகளை எல்லையோரத்தான் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். பாலக்காடு அன்று சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது, அதற்குக் கோழிக்கோடு. பக்கத்திலேயே இருக்கும் சித்தூர் கொச்சி ராஜ்யம், அதற்குத் திருச்சூர். தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர், அவற்றுக்குத் திருவனந்தபுரம். சித்தம் கலங்கியவன் எந்த மதிலுக்குள் போக வேண்டும் என்பதை அவன் வீடு எந்த ராஜாவின் நிலத்தில் இருந்தது என்பதே தீர்மானித்தது. 1956 நவம்பர் 1-இல் இவையெல்லாம் கேரளத்துக்குள் வந்தன. தேவிகுளம், பீர்மேட்டுக்காக நடந்த போராட்டம் தனி வரலாறு. அதற்குள் நான் போகவில்லை.

1986-இல் எங்கள் லயத்தில் நான்கு வீடு தள்ளி இருந்த பையனுக்குப் பத்தொன்பது வயது. கெட்டிக்காரன், கால்பந்து ஆடுவான். அந்த வருஷம் மழைக்காலத்தில் பேச்சைக் குறைத்தான். ராத்திரி தூங்கவில்லை. பிறகு, பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது தன்னைப் பற்றி யாரோ இழிவாகப் பேசுவதாகச் சொன்னான். "யாருமே பேசலையேப்பா" என்றால், "உங்களுக்குக் கேக்காது, எனக்குத்தான் கேக்கும்" என்பான். அவன் அம்மா தாயத்துக் கட்டினார். குறி கேட்டார்கள், மந்திரித்தார்கள். காத்துக் கருப்பு என்றார்கள், செய்வினை என்றார்கள். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகும் என்று சொன்னவர்களும் உண்டு. நல்லவேளை, பெண் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் முன்னால் அவன் உட்கார்ந்தது 1991-இல். ஐந்து வருஷம்.

இந்த ஐந்து வருஷத்தைத்தான் மருத்துவர்கள் 'சிகிச்சையற்ற காலம்' என்கிறார்கள். மனப்பிறழ்வு என்று நாம் எழுதும் சைகோசிஸ் பெரும்பாலும் இளவயதில் தொடங்குவது. இல்லாத குரல் கேட்பதும், பொய்யான ஐயம் உண்மையாய் உறைந்துவிடுவதும் அதன் அடையாளங்கள். அந்தக் காலம் நீள நீளக் குணமடைவது கடினமாகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் கண்ட உண்மை. எங்கள் லயத்து ஜனங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாலக்காடு மாவட்டத்திலேயே, பட்டாம்பிப் பக்கம் இராயிரநல்லூர் மலை இருக்கிறது. கல்லை உருட்டி மேலேற்றி, அது கீழே உருண்டோடுவதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்த நாராணத்துப் பிராந்தனின் மலை. இன்றும் துலா மாதம் முதல் நாள் பக்தர்கள் ஏறுகிறார்கள். பிராந்தனைச் சித்தனாக வணங்கவும் தெரிந்த மண் அது. ஆனால் வணங்குவதும் மருந்து கொடுப்பதும் வேறு வேறு. கோயிலையும் தர்காவையும் மட்டுமே நம்பினால் என்ன ஆகும் என்பதை ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியலில் பார்த்தோம். ஒரு தனியார் விடுதியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள், கொட்டகை தீப்பற்றியபோது ஓட முடியாமல் கருகினார்கள். இருபத்தெட்டு உயிர்கள்.

மதிலுக்கும் சங்கிலிக்கும் மாற்று வழி நம் நாட்டில் முன்பே தோன்றியிருந்தது என்பதுதான் வியப்பு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளியின் குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் 1957-இல் தொடங்கிய மனநல மையத்திலும் உறவினர் கூடவே தங்கிச் சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். குளோர்புரோமசின் மருந்து 1952-இல் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஐரோப்பாவில் நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரிப்பதே வழக்கமாயிருந்தபோது, இங்கே ஆளும் காசும் இல்லாத நெருக்கடியே ஒரு நல்ல வழியைக் காட்டியது எனலாம்.

அந்த வழியைச் சென்னையில் விரித்தவர் டாக்டர் எம். சாரதா மேனன். மங்களூரில் 1923-இல் பிறந்த மலையாளப் பெண்மணி. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்தார். ஓய்வு பெற்றபின் 1984-இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 2021 டிசம்பரில் மறைந்தார். மலையாள வீட்டில் பிறந்த அந்த அம்மையார் சென்னையில் நோயாளிகளோடு பேசியது தமிழில் என்பதை, எல்லையோரத்தான் என்ற முறையில் நான் தனியாகக் குறித்துக்கொள்கிறேன்.

சென்னையில் 1981-82-இல் முதன்முறையாக நோய் கண்ட 90 பேரைத் தேர்ந்து, டாக்டர் ஆர். தாராவும் அவருடைய குழுவினரும் பத்து, இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். மனச்சிதைவு என்றால் வாழ்க்கை முடிந்தது என்ற எண்ணத்தை அந்த ஆய்வு அசைத்தது. பலர் வேலைக்குப் போனார்கள், குடும்பம் நடத்தினார்கள். ஆனால் அந்த 90 பேரில் இளமையில் இறந்தவர்களும் கணிசம். நல்ல செய்தியை மட்டும் எடுத்துச் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. அதனால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோயின் தொடக்கத்திலேயே பிடிக்க வேண்டும் என்று தனி மருத்துவ அமைப்பே உருவானது 1992-இல், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், பாட்ரிக் மெக்கோரி முயற்சியால். பிறகு சென்னையிலும் கனடாவின் மாண்ட்ரியலிலும் ஒரே முறையில் இரண்டு ஆண்டு சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டார்கள். சென்னையில் 168 பேர், மாண்ட்ரியலில் 165 பேர். முடிவு 2020-இல் வந்தது. குரல் கேட்பது போன்றவை இரு ஊரிலும் ஏறத்தாழ ஒரே அளவில் அடங்கின. ஆனால் ஒதுங்கியிருத்தல், ஊக்கமின்மை ஆகியவை சென்னையில் கூடுதலாகக் குறைந்தன. பாதியில் சிகிச்சையை விட்டுப் போனவர்களும் சென்னையில் குறைவு. குடும்பத்தார் கூடவே வந்து நின்றது ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சரி, டாக்டரே கிடைக்காத கிராமத்தில்? தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் கோவாவிலும் சாத்தாராவிலும் 282 பேரிடம் நடந்த ஆய்வு 2014-இல் 'லான்செட்' இதழில் வந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று பேசினார்கள், மருந்தை நினைவூட்டினார்கள், குடும்பத்துக்கு விளக்கினார்கள். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் ஓரளவு கூடுதலாகத் தேறினார்கள். ஓரளவுதான், மாயம் ஒன்றுமில்லை.

கேரளமும் தன் பங்குக்கு ஒரு வழி கண்டது. கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம், ஊர்க்காரர்களையே தொண்டர்களாக்கிப் புற்றுநோயாளிகளின் வீட்டுக்கு அனுப்பியது. அதே முறையை மனநோய்க்கும் கொண்டுவந்தது டாக்டர் டி. மனோஜ்குமார் 2008-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய அறக்கட்டளை. அங்கே மருத்துவர் மருந்தைத் தீர்மானிக்கிறார். நோயாளியைத் தேடிப் போவதும், மாதாமாதம் விசாரிப்பதும் பக்கத்து வீட்டுக்காரர்.

ஆக, சென்னையில் குடும்பத்தைப் பற்றிய அறிவு, கோழிக்கோட்டில் ஊரைப் பற்றிய அறிவு. இரண்டுக்கும் நடுவில் மலைமேல் எங்கள் ஜனங்கள். லயத்தில் குடும்பம் உண்டு. ஆனால் அப்பனும் ஆத்தாளும் விடிந்ததும் கொழுந்துக் காட்டுக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போகும். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தோட்டத்தில் மருத்துவ வசதி இருந்தது. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் அது உதவியது. அதற்குமேல் மொழி. கால் முறிந்தால் எந்த மொழி டாக்டரும் கட்டுப் போடலாம். இந்த நோயில் அப்படியில்லை, பேச்சுதான் பரிசோதனை. எங்கள் பையனுக்குக் கேட்ட குரல் தமிழில், அதுவும் நெல்லைத் தமிழில் திட்டியது. 1991-இல் அவனைப் பார்த்த டாக்டருக்கு அவனுடைய அக்காள் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக மொழிபெயர்த்தார். தம்பிக்குக் கேட்ட கெட்ட வார்த்தைகளை ஒரு அந்நிய ஆணிடம் எந்தப் பெண் அப்படியே சொல்வாள்? "ஏதோ சத்தம் கேக்குதாம்" என்று சுருக்கிவிட்டார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளிக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் தகவல் தரவேண்டும் என்றும், வீட்டுக்கு அருகிலேயே சிகிச்சை கிடைக்கவேண்டும் என்றும் சொல்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் மாவட்ட மனநலத் திட்டம், அந்தப் பக்கம் ஒரு மாவட்ட மனநலத் திட்டம். போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் நோய் நிற்பதில்லை; கோப்பு நின்றுவிடுகிறது.

அவன் மருந்தில் தேறினான். முழுதாக அல்ல, கால்பந்து திரும்பவில்லை. ஆனாலும் பல வருஷம் பேக்டரியில் வேலை பார்த்தான். அக்காள் ஓய்வு பெற்றதும் லயத்தை ஒப்படைத்துவிட்டு இருவரும் போடிநாயக்கனூருக்கு இறங்கிவிட்டார்கள். போன தை மாதம் நான் ஊருக்குப் போனபோது அவர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொட்டிக் காட்டினார். வெற்று மாத்திரை அட்டைகள், முப்பது வருஷத்துச் சீட்டுகள். "புது டாக்டர் பழைய விவரம் கேக்காரு தம்பி. எல்லாம் மலைமேல ஆஸ்பத்திரி புக்குல இருக்கு. இதுல எது முதல்ல குடுத்த மாத்திரைன்னு பாத்துச் சொல்லுதியா?" உட்கார்ந்து தேதிவாரியாக அடுக்கினோம். சாயங்காலம் ஆகிவிட்டது. அவன் திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தப் பச்ச அட்டைதான் மொதல்ல" என்றான்.