இரும்புக்கை யாருடையது?

கிழக்கிலங்கையில் பெரியநீலாவணைக்குத் தெற்கே, பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் உற்சவத்தில் அருச்சுனனாக யார் வேடமிட்டாலும் உரிமைப் பணம் கேட்டு ஒருவரும் வருவதில்லை. கதாமாந்தர் ஊருக்கே பொது, சித்திரக்கதை வீரனுக்கு மட்டும் ஏன் வேலி என்பார்கள். வாதம் பாதிதான் சரி. அருச்சுனனை வளர்த்தவை பல தலைமுறைகள். இரும்புக்கை மாயாவியோ 1962இல் லண்டன் ‘வேலியன்ட்’ வார இதழுக்காக எழுத்தாளர் கென் புல்மரும் ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவும் கூலிக்குச் செய்து கொடுத்தவன். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைய, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் அந்தக் காட்சிக்கு உயிர் கொடுத்தது பிளாஸ்கோவின் தூரிகை.

அக்கால பிரிட்டிஷ் இதழ்களில் படைத்தவர் பெயரை அச்சிடாததே வழக்கம். பாத்திரம் நிறுவனத்தின் சொத்து. 1972இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகவே மாயாவியைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. பிள்ளைகள் மாயாவியைக் கொண்டாடினார்கள், பிளாஸ்கோவை அல்ல. கூலி வாங்கியவருக்குப் பிறகு என்ன உரிமை என்று கேட்கலாம். கூலி அச்சிடும் உரிமையை வாங்கும்; பெயரை அழிக்கும் உரிமையை எப்படி வாங்கும்? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் பொருளாதார உரிமையையும், படைத்தவர் தன் பெயரைக் கோரும் தார்மீக உரிமையையும் தனித்தனியாகவே வைக்கிறது. பிறர் பாத்திரத்தை எடுத்தாள்வதில் குற்றமில்லை, மூலவர் பெயர் முன்னே நிற்குமானால். 2005இல் ‘ஆல்பியன்’ சித்திரக்கதைத் தொடரில் மாயாவி மறுபடி தலைகாட்டியபோது பிளாஸ்கோ இறந்து பத்தாண்டு ஆகியிருந்தது.