பிள்ளைகளின் நீச்சல் போட்டியில் பெற்றோரும் அதிகாரியாகலாம்

காலை முதல் மதியம் வரை நீச்சல் குளத்தின் ஓரம் காத்திருக்கிறோம். நம் பிள்ளை நீந்துவது ஓரிரு நிமிடங்கள்தான். மற்ற நேரத்தில் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தால், அதே போட்டியில் நாமும் ஓர் அதிகாரி. அதற்குப் பட்டமும் வேண்டாம், நீந்தவும் தெரிந்திருக்க வேண்டாம். பயிற்சி மட்டும் வேண்டும்.

ஜொகூரில் பள்ளிப் பிள்ளைகள் மாவட்டப் போட்டியில் தொடங்கி, மாநில அளவில் எம்எஸ்எஸ்ஜே, தேசிய அளவில் எம்எஸ்எஸ்எம் என்று முன்னேறுகிறார்கள். வினாடியில் நூறில் ஒரு பங்கு அந்த வாய்ப்பைக் கொடுக்கும் அல்லது பறிக்கும். கையால் நேரம் எடுக்கும் போட்டியில் ஒரு தடத்துக்கு மூவர் என்றால், எட்டுத் தடங்களுக்கு 24 பேர் தேவை. அதனால்தான் பெற்றோர்களின் உதவி அவசியமாகிறது.

நேரம் எடுப்பது எப்படி?

முதல் பாடம்: சத்தத்தைக் கேட்டு அழுத்தாதீர்கள், தொடக்க விளக்கின் ஒளியைப் பார்த்து அழுத்துங்கள். 50 மீட்டர் தொலைவைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 0.15 வினாடி ஆகும். ஒருவர் ஒளியையும் அடுத்தவர் ஒலியையும் நம்பினால் வெற்றி வரிசையே மாறிவிடும்.

மூன்று கடிகாரங்களில் இரண்டு ஒத்துப்போனால் அதுவே அதிகாரப்பூர்வ நேரம். மூன்றும் வேறுபட்டால் நடு எண்ணை எடுக்க வேண்டும். 35.38, 35.46, 35.51 என்றால் 35.46. இரண்டு கடிகாரங்கள் மட்டும் இருந்தால் சராசரி. பக்கத்தில் இருப்பவரின் நேரத்தைப் பார்த்து நம்முடையதைத் திருத்தக் கூடாது.

தவறைக் கவனிப்பது

அனுபவம் வந்த பிறகு திருப்பத்தையும் நீந்தும் முறையையும் கவனிக்கும் பொறுப்புக்குச் செல்லலாம். மார்பு நீச்சலிலும் வண்ணத்துப்பூச்சி நீச்சலிலும் சுவரை இரு கைகளாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு கை முந்தினால் தகுதி நீக்கம். ஃப்ரீஸ்டைலில் அந்த விதி இல்லை. உடலின் எந்தப் பகுதி சுவரில் பட்டாலும் போதும். ஆனால் தொடக்கத்திலும் திருப்பத்திலும் 15 மீட்டருக்குள் தலை நீர்மட்டத்துக்கு மேல் வந்துவிட வேண்டும்.

தவறைக் கண்டவர் கையை உயர்த்தி, தலைமை நடுவரிடம் தெரிவிப்பார். இறுதி முடிவு தலைமை நடுவருடையது. நீந்தும் பாணி அழகாக இல்லை என்பது தவறு அல்ல. சந்தேகம் இருந்தால் அதன் பலன் நீந்தும் பிள்ளைக்கே.

சொந்தப் பிள்ளை வந்தால்?

இதுதான் கடினமான பாடம். முடிந்தவரை நம் பிள்ளையின் தடத்தில் நிற்காமல் இருப்பது நல்லது. பணியில் இருக்கும்போது கைதட்டல், உற்சாகக் குரல், யோசனை எதுவும் கூடாது. நம் பிள்ளையே ஒரு கையால் தொட்டாலும் கையை உயர்த்தத்தான் வேண்டும். உயர்த்தாவிட்டால், முறையாகத் தொட்ட அடுத்த வீட்டுப் பிள்ளையின் இடத்தை நாம் எடுத்துக்கொடுத்தவர்களாகிறோம்.

எப்படித் தொடங்குவது?

பிள்ளையின் பயிற்றுநரிடமோ கிளப்பிடமோ விருப்பத்தைச் சொல்லுங்கள். மாநில நீச்சல் சங்கம் அதிகாரிகளுக்கான பயிற்சி நடத்தும்போது தகவல் தரும்படி கேளுங்கள். முதல் சில போட்டிகளில் அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் நின்று பழகுங்கள். குலுவாங்கோ சிகாமட்டோ, தோட்டமோ பட்டணமோ, குளத்தின் ஓரத்தில் விதி தெரிந்த ஒருவர் நம்மிடையே இருந்தால், பிள்ளை ஏன் தகுதி இழந்தது என்பதை அழும் பிள்ளைக்கு நாமே விளக்கலாம். அடுத்த முறை அந்தப் பிள்ளை இரு கைகளாலும் தொடும்.