பிரசன்னை, அரியல், தேறல்: தானிய மது தெளிந்த வரலாறு

வீட்டில் பியர் வடிப்போரை விடாது வருத்துவது கலங்கல். மாவுப்பொருள் முழுதும் சர்க்கரையாகாமல் எஞ்சினாலும், ஈஸ்ட் அடியில் படியாமல் மிதந்தாலும், தானியப் புரதம் துவர்ப்புப் பொருளோடு கூடி நுண்துகளாக நின்றாலும் பானம் மங்கிவிடும். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை, கடற்பாசி, குளிர், காத்திருப்பு ஆகியவை இன்றைய பரிகாரங்கள். இதே சிக்கலைப் பழைய இந்திய நூல்கள் எவ்வாறு கண்டன என்பது நம் வகுப்பறைகளில் அரிதாகவே பேசப்படுகிறது. மது வரலாற்றைக் குடிக்கலாமா கூடாதா என்ற வழக்காகவே எழுதிப் பழகிவிட்டோம். செய்முறை கூறும் பகுதிகளைப் புரட்டிக் கடந்துவிடுகிறோம்.

அர்த்தசாத்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில் 25ஆம் அத்தியாயம் மதுக் கண்காணிப்பாளனைப் பற்றியது. அதில் வரும் மது வகைகளுள் ஒன்று பிரசன்னை. அச்சொல்லுக்குத் 'தெளிந்தது' என்பதே பொருள். 12 ஆடகம் மாவுக்கு 5 பிரஸ்தம் கிண்வம், அதாவது நொதிக்கூட்டு, என்பது அளவு. ஓர் ஆடகம் 4 பிரஸ்தம் ஆதலால் மாவு 48 பங்கு, கிண்வம் 5 பங்கு. மேதகம் என்னும் மற்றொரு வகைக்கோ 2 பிரஸ்தம் அரிசிக்கு 3 பிரஸ்தம் கிண்வம். கிண்வம் என்பது உளுந்து மசியலும் அரிசியும் மூலிகைகளும் சேர்த்துப் பிசைந்தது. புரதம் மிகுந்த அக்கூட்டு அரிசியையே விஞ்சினால் பானம் குழம்பாக நிற்பது இயல்பு. பெயருக்கும் அளவுக்கும் உள்ள இப்பொருத்தம் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவ்விரண்டிலும் இடும் சரக்குகளில் லோத்திரம், மரமஞ்சள், மிளகு, திப்பிலி ஆகியவை உண்டு. துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பற்றித் திரளச் செய்து அடியில் இறக்கும் என்பது வடிப்போர் இன்று அறிந்த வேதியியல். அந்நூல் அக்காரணத்தைக் கூறவில்லை. மணத்துக்காகவும் மருந்தாகவும் சேர்த்திருக்கலாம். ஆயினும் மதுகக் கஷாயத்தோடு சர்க்கரை சேர்த்தால் நிறம் தெளியும் என்று அதே அத்தியாயம் வெளிப்படையாகக் கூறுகிறது. தெளிவு நாடப்பட்டது என்பதற்கு அது போதும்.

அத்தெளிவுக்கு வெளியே நின்றவர்களையும் அந்நூல் காட்டுகிறது. குடும்பத்தார் சடங்கு நாள்களில் வெண்சுரை வடித்துக்கொள்ள இசைவு உண்டு. கெட்டுப்போன சுரையை அடிமைகளுக்கும் வேலையாட்களுக்கும் ஊதியமாகக் கொடுக்கலாம். இல்லையேல் வண்டி இழுக்கும் விலங்குகளுக்கோ பன்றிகளுக்கோ ஊற்றலாம். சுரைக்கும் கிண்வத்துக்கும் வேண்டியவற்றைத் திரட்டும் வேலை பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் உரியது. ஊதியம், வரி, தீவனம் மூன்றும் ஒரே சாடியைச் சுற்றி எழுதப்பட்டுள்ளன. உழைப்பின் வரலாற்றை ஆராயும் மாணவர்கள் இவ்வத்தியாயத்தை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும்.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த சார்ங்கதர சம்ஹிதை அச்சாடியின் உள்ளேயே நம்மை அழைத்துச் செல்கிறது. சமைத்த சோற்றைப் புளிக்கவைத்துப் பெறுவது சுரை. அதன் மேல்நின்ற தெளிவு பிரசன்னை. அதனினும் தடித்தது காதம்பரி. அதன் கீழ் நிற்பது ஜகலம். ஜகலத்தினும் தடித்தது மேதகம். சாரம் நீங்கிய சக்கை பக்கசம். ஒரே வடிப்பின் ஐந்து அடுக்குகளுக்கு ஐந்து பெயர்கள்! அர்த்தசாத்திரத்தில் தனித்தனிச் செய்முறைகளாக இருந்த பிரசன்னையும் மேதகமும் இங்கே ஒரு சாடியின் மேலும் கீழுமாக நிற்கின்றன. இம்மாற்றத்தைக் கருதாமல் இரு நூல்களின் சொற்களையும் ஒன்றெனக் கொள்வது பிழையாகும்.

தமிழிலும் மதுவின் பெயர்கள் பல, பிரிக்கும் செயலிலிருந்தே பிறந்தவை. அரித்து எடுத்தது அரியல், பிழிந்தது பிழி, தேறியது, அதாவது தெளிந்தது, தேறல். நீரைத் தெளிவிக்கும் தேற்றாங்கொட்டைக்கும் அதே வேர்ச்சொல்தான். புறநானூற்றின் 56ஆம் பாடலில் யவனர் கலத்தில் வந்த தேறல் பொற்கலத்தில் பாண்டியனுக்கு ஏந்தப்படுகிறது. இதைக் கொண்டு தெளிந்தது அரசர்க்கு, கலங்கியது எளியோர்க்கு என்று எழுதிவிடத் தோன்றும். திருமுருகாற்றுப்படை அதற்கு இடந்தரவில்லை: அங்கே மலைச் சிற்றூரின் குறவர் மூங்கிலில் விளைந்த தேறலைச் சுற்றத்தோடு பருகுகின்றனர். தேனால் ஆகிய அம்மதுவில் மாவுப்பொருள் இல்லை; மூங்கிலில் விளையும் காலமும் அதற்கு உண்டு.

அரிசியின் நிலை வேறு. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆற்றி, நெல்முளை அடை என்று உரை கூறும் நல்லடையைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைக்கிறார்கள். முளையைக் கொண்டு மாவைச் சர்க்கரையாக்கும் இம்முறை பியரின் முறையேதான். ஆனால் இரண்டு நாளில் அரிசி மது தெளிந்துவிடாது. அவர்கள் அதை விரலால் அலைத்துப் பிழிந்து, தளர்ந்து வரும் பாணர்க்குச் சுட்ட மீனோடு கொடுத்தார்கள்.