தாய்மாரின் இருதயம்



மாரடைப்பு ஆண்களுக்கு வரும் நோய் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். தோட்டத்துப் பாட்டிமார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "வாயுத் தொல்லைதான்" என்று இஞ்சிக் கஷாயம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம்.

இது நம் அறியாமை மட்டுமன்று. படித்த மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. 1964ஆம் ஆண்டில் அமெரிக்க இருதயச் சங்கம் போர்ட்லண்ட் நகரில் பெண்களுக்கென ஒரு மாநாடு நடத்திற்று. அங்கே பேசப்பட்டது பெண்களின் இருதயத்தைப் பற்றி அன்று. கணவரின் இருதயத்தை மனைவி எப்படிக் காப்பது என்பதைப் பற்றியே!

ஆனால், உண்மையைக் காட்டும் கணக்கு வேறோர் ஊரில் சேர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் என்னும் ஊரில், 1948இல் 5,209 பேரை மருத்துவர்கள் தொடர்ந்து சோதிக்கத் தொடங்கினார்கள். அவர்களுள் 2,873 பேர் பெண்கள். 1976இல் வெளிவந்த அறிக்கை பலரை விழிக்க வைத்தது. மாதவிடாய் நிற்காத பெண் எவருக்கும் அங்கே மாரடைப்பு வரவில்லை. நின்றுபோன பெண்களுக்கோ அது சர்வசாதாரணமாக வந்தது.

ஏன் இப்படி? கொலஸ்டரால் நம் உடம்புக்கு வேண்டிய கொழுப்புப் பொருள்தான். ஆனால் அதில் 'கெட்டது' எனப்படும் வகை இரத்தத்தில் மிகுந்தால், இரத்தக் குழாயின் சுவருக்குள் படிந்து வழியைக் குறுக்குகிறது. பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜென், இந்தக் கெட்ட கொலஸ்டராலைக் கல்லீரல் அகற்ற உதவுகிறது. மாதவிடாய் நின்றதும் அந்தச் சுரப்பு குறைகிறது, கொலஸ்டரால் ஏறுகிறது.

அப்படியானால் அந்தச் சுரப்பை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? பல ஆண்டுகள் மருத்துவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். 16,608 பெண்களிடம் இரண்டு சுரப்புகள் சேர்ந்த மாத்திரையைச் சோதித்தபோது, மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் ஆகியவை கூடின. 2002இல் அந்தச் சோதனையை நடுவிலேயே நிறுத்தினார்கள். ஆகவே, இருதயத்தைக் காப்பதற்கென்று அந்த மாத்திரையை நாடுதல் கூடாது.

நாம் செய்யக்கூடியது என்ன? மாதவிடாய் நின்ற தாய்மாரை அழைத்துச் சென்று இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டரால் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். நெய்யையும் தேங்காய்ப்பாலையும் அளவோடு சேர்த்து, கீரையையும் பருப்பையும் கூட்டிக்கொள்ளலாம். புகையிலையை விட்டொழிக்க வேண்டும்.

பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியாக மட்டும் வருவதில்லை. மூச்சிரைப்பு, தாடைவலி, முதுகுவலி, காரணமில்லாத களைப்பு என்றும் வரும். விடியுமுன் எழுந்து வீட்டையும் வேலையையும் சுமந்த தாய் "முடியவில்லை" என்று சொன்னால், கஷாயத்தோடு நின்றுவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம்.