செம்மையும் பொன்மையும்: ஒரு கால்பந்துச் சட்டையின் வரலாறு

வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நாம் அவ்வவ்வூர் மொழியை விரைவிலேயே கற்றுக்கொள்கிறோம். ஆயின் அவ்வூரார் உயிரெனப் போற்றும் சிலவற்றின் வரலாற்றை அறிந்துகொள்ள நெடுங்காலம் பிடிக்கிறது. கல்கத்தாவில் வாழும் தமிழர்க்கு அவ்வகையில் முதலில் எதிர்ப்படுவது கால்பந்து. 2001-ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா எனப் பெயர் பூண்ட அந்நகரில், சிவப்பும் பொன்மஞ்சளும் கலந்த சட்டை அணிந்த ஒருவரைக் கண்டால், அவருடைய முன்னோர் எத்திசையிலிருந்து வந்தவர் என்பதைக்கூடப் பலர் ஊகித்துவிடுவர். அது ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் சட்டை. நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் அச்சட்டை எவ்வாறு மாறிற்று, எதனை மாறாது காத்தது என்பதை ஈண்டுக் காண்போம்.

1920-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் கூச்பிகார் கோப்பைப் போட்டியில் ஜோராபாகான் கழகம் மோகன் பகான் கழகத்தை எதிர்த்து ஆடிற்று. ஜோராபாகான் அணியில் சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரர்க்கு இடம் மறுக்கப்பட்டது. கிழக்கு வங்கத்தார் என்பதனாலேயே அவர் விலக்கப்பட்டார் என அப்பகுதி மக்கள் கருதினர். கழகத்தின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி அவர் பொருட்டு வாதாடியும் பயன் விளையவில்லை. சௌதுரி வெளியேறினார், நண்பர்களோடு கூடி ஆகஸ்டு முதல் நாளில் புதியதொரு கழகத்தை நிறுவினார்.

கழகம் பிறந்தது, ஆட்டக்காரர்க்கு ஆடை வேண்டுமன்றோ? மோகன் பகான் பச்சையும் அரக்குச் சிவப்பும் அணிந்தது. முகமதன் ஸ்போர்ட்டிங் கறுப்பும் வெள்ளையும் பூண்டது. புதிய கழகத்தார் சௌரங்கியில் இருந்த ஒயிட்டவே லெய்ட்லா என்னும் பெரிய கடையில், காட்சிக்குத் தொங்கிய சிவப்புப் பொன்னிறச் சட்டையொன்றைக் கண்டு மனம் பறிகொடுத்தனர். விலை 80 ரூபாய் எனக் கழகத்தார் வழிவழியாகக் கூறி வருகின்றனர். அந்நாளில் அது பெருந்தொகையாகும். பழைய கொடியோ குலச்சின்னமோ அந்நிறங்களைத் தந்துவிடவில்லை. கடைக்காட்சியின் அழகே தந்தது. அவற்றுக்குப் பொருள் பின்னரே வந்து சேர்ந்தது.

முதற்பொருளை 1930-ஆம் ஆண்டு அளித்தது. சட்டமறுப்பு இயக்கம் நடந்த அவ்வாண்டில் கல்கத்தா லீக் போட்டி இடையில் நின்றது. இரண்டாம் பிரிவில் சிறப்பாக ஆடிவந்த ஈஸ்ட் பெங்காலுக்கு உரிய உயர்வு கிட்டாது போயிற்று. அதனைக் கண்டித்து ஆதரவாளர்கள் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் சென்றனர். அத்தீப்பந்தமே கழகத்தின் சின்னமாகிப் பின்னாளில் சட்டையின் நெஞ்சில் ஏறிற்று.

துணியும் தையலும் காலந்தோறும் மாறின. பழைய சட்டை பருத்தியால் ஆனது. கழுத்துப் பட்டை உடையது. கல்கத்தா லீக் பெரும்பாலும் மழைக்காலத்தில் நடப்பது. நீரும் சேறும் ஏறிய பருத்திச் சட்டை, ஆட்டம் முடிவதற்குள் உடலுக்குப் பெருஞ்சுமையாகிவிடும். பிற்காலத்தில் நீரை மிகுதியாய் உறிஞ்சாத செயற்கை இழைத் துணி வந்தது. இருநிறமும் சில பருவங்களில் நெஞ்சின் நடுவே சரிபாதியாய்ப் பிரிந்தன. சில பருவங்களில் நெடும்பட்டைகளாய் இறங்கின. வடிவம் எவ்வாறாயினும் நிறம் இரண்டே.

1947-ஆம் ஆண்டின் பிரிவினை அந்நிறங்களுக்குப் பேராழம் தந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் வீடும் வயலும் இழந்து கல்கத்தாவில் அடைக்கலம் புகுந்தனர். ஜாதவ்பூர், பிஜய்கர் முதலிய இடங்களில் குடியிருப்புகளை எழுப்பினர். பிறந்த மண்ணின் பெயர் 1955-இல் கிழக்குப் பாகிஸ்தான் என மாறிற்று. 1971-இல் அந்நாடு வங்கதேசமாயிற்று. கிழக்கு வங்கம் என்னும் பெயர் நிலப்படத்தில் மறைந்தது. கழகத்தின் பெயரில் நிலைத்தது. தம்மூரின் பெயரை உரக்கக் கூவி அழைக்கும் உரிமை அம்மக்களுக்கு விளையாட்டரங்கில் எஞ்சியது.

இங்கு நாம் மகிழ்ந்து எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஊர்வேற்றுமையால் விளைந்த மனக்கசப்பில் பிறந்த அச்சட்டையைப் புகழின் உச்சிக்கு உயர்த்தியவர் தென்னாட்டார் ஐவர். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய அம்முன்னணி ஆட்டக்காரர்களை வங்கமக்கள் பஞ்ச பாண்டவர் எனக் கொண்டாடினர். 1949-ஆம் ஆண்டில் கல்கத்தா லீக், ஐ.எப்.ஏ. கேடயம், ரோவர்ஸ் கோப்பை ஆகிய மூன்றையும் கழகம் வென்றது. அவர்தம் தாய்மொழியை எவரும் தடையாகக் கருதவில்லை.

1998-இல் சட்டையின் நெஞ்சுக்கு வணிகம் வந்தது. மதுபான நிறுவனம் ஒன்றின் கிங்பிஷர் என்னும் பெயர் கழகப் பெயருக்கு முன்னே நின்றது. அப்பெயர் தாங்கிய சட்டையோடுதான் 2003-இல் ஜகார்த்தாவில் பாங்காக்கின் பெக் டெரோ சாசனா அணியை 3-1 என வென்று ஆசியான் கழகக் கோப்பையைக் கைப்பற்றினர். 2018-இல் குவெஸ், 2020-இல் ஸ்ரீ சிமெண்ட், 2022-இல் எமாமி எனப் பெயர்கள் அடுத்தடுத்து வந்தன. பெருஞ்செலவு பிடிக்கும் இக்காலப் போட்டிகளில் அப்பொருளுதவி இன்றிக் கழகம் நடவாது. எனினும் நிறுவனங்களின் பெயர் பலகாலும் மாறியிருக்க, சிவப்பும் பொன்னும் இடம் பெயரவில்லை. 2024 ஜனவரியில் புவனேசுவரத்தில் ஒடிசா அணியை 3-2 என வென்று சூப்பர் கோப்பையை ஏந்தியபோதும் அவ்விரு நிறங்களே விளங்கின.

ஊர்விட்டு ஊர் வந்தவர் உடன் கொண்டுவரக் கூடியவை சிலவே. நிலத்தைக் கொணர இயலாது. வீட்டைப் பெயர்த்தெடுக்க இயலாது. கிழக்கு வங்கத்தாருக்கு ஒரு சட்டையின் நிறம் அவ்விடத்தை நிரப்பிற்று. ஒரு கடையில் விலைகொடுத்து வாங்கிய அந்நிறத்தை, பேரன் காலத்திலும் பாட்டன் ஊரின் அடையாளமாகப் போற்றுகின்றனர். நம் அண்டைவீட்டார் போட்டிநாளில் அச்சட்டையை அணிந்து புறப்படுவாராயின், அவர் சுமந்து செல்வது இன்னதென நாம் அறிந்து வாழ்த்துதல் தகும்.