எழுதுகிறவர் பார்க்கும் திரை

“உன் வேலையைப் பற்றி எல்லோருக்கும் புரியற மாதிரி எழுதிக் கொடு” என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். வெப்சைட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் எழுதும் திரையை வடிவமைப்பது என் வேலை. ஒரு வெப்சைட்டுக்கு இரண்டு முகம் உண்டு. படிக்க வருபவர் பார்ப்பது ஒன்று. செய்தியைத் தட்டச்சு செய்து, படம் சேர்த்து, ‘வெளியிடு’ பொத்தானை அழுத்துபவர் பார்ப்பது மற்றொன்று. முதல் முகத்தைப் பற்றி ஊரே பேசும், இரண்டாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் யாரால் எழுத முடியும், யாரால் முடியாது என்பதைத் தீர்மானிப்பது அந்த இரண்டாவது முகம்தான். அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வெப்புக்கு முன்னால்

கதை 1974-ல் கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி முதலியோர் ‘பிராவோ’ என்ற எடிட்டரை உருவாக்கினார்கள். தாளில் எப்படி அச்சாகுமோ அப்படியே திரையில் தெரியும். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் ஒரு வில்லங்கம் இருந்தது. கட்டளை நிலை, எழுதும் நிலை என்று அதில் இரண்டு நிலைகள். கட்டளை நிலையில் இருப்பதை மறந்துவிட்டு ‘எடிட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்தையும் அடித்தால் போச்சு! முதல் எழுத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும், இரண்டாவது அழிக்கும், மூன்றாவது எழுதும் நிலைக்குப் போகும். நான்காவதான ‘டி’ மட்டும் திரையில் தனியாக நிற்கும்.

இந்த நிலையை மாற்றியவர்கள் லாரி டெஸ்லர், டிம் மாட் இருவரும். கின் என்ற பாடநூல் பதிப்பகத்துக்காக ஒரு எடிட்டர் செய்ய வேண்டியிருந்தது. இவர்கள் முதலில் பதிப்பாசிரியர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். கம்ப்யூட்டர் பழக்கமில்லாதவரை வெற்றுத் திரைக்கு முன் உட்கார வைத்து, “இதில் திருத்துவதென்றால் எப்படிச் செய்வீர்கள்?” என்று கேட்டார்கள். பதிப்பகங்களில் தாளைக் கத்தரித்து வேறு இடத்தில் ஒட்டும் வழக்கம் அப்படியே திரைக்கு வந்தது. 1975-ல் வந்த அந்த ‘ஜிப்சி’ எடிட்டரிலிருந்து கிளம்பிய ‘கட்’, ‘பேஸ்ட்’ இரண்டையும் இன்று நம் வீட்டுக் குழந்தைகூடப் பயன்படுத்துகிறது.

வந்தது, போனது

1990-ன் கடைசியில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் வெப் பிரவுசரை எழுதினார். அதிலேயே பக்கங்களைத் திருத்தவும் முடிந்தது என்பது பலருக்குத் தெரியாது. படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரே என்பதுதான் அவர் எண்ணம். ஆனால் அது ஓடியது நெக்ஸ்ட் என்ற விலை கூடிய கம்ப்யூட்டரில் மட்டும். மற்ற கம்ப்யூட்டர்களுக்காக 1991-ல் வந்த எளிய பிரவுசர் படிக்க மட்டுமே. 1993-ல் வந்து உலகையே வெப் பக்கம் திருப்பிய மொசைக்கிலும் பக்கத்தைத் திருத்த வழி இல்லை. எழுத வேண்டுமா? எச்டிஎம்எல் குறிகளைக் கற்றுக்கொள், கோப்பை சர்வருக்கு ஏற்று. இப்படியாக ‘வெப்மாஸ்டர்’ என்று ஒருவர் முளைத்தார். ஒரு வரியைத் திருத்தக்கூட அவரிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று.

அந்தக் கதவை 1995-ல் திறந்தவர் வார்டு கன்னிங்ஹாம். பக்கத்தின் அடியில் ஒரு இணைப்பு. அதை அழுத்தினால் ஒரு பெட்டி. அதில் எழுதிச் சேமித்தால் முடிந்தது. ஹொனலுலு விமான நிலையத்துப் பேருந்தின் பெயரை நினைவில் வைத்து அதற்கு ‘விக்கிவிக்கிவெப்’ என்று பெயரிட்டார். ‘விக்கி’ என்றால் ஹவாய் மொழியில் சீக்கிரம் என்று பொருள். 2001-ல் பிறந்த விக்கிப்பீடியா இந்த வழியில் வந்ததுதான்.

நம் மொழிக்கு இன்னொரு தடையும் இருந்தது. பெட்டி திறந்திருந்தாலும் தமிழில் தட்டச்சு செய்யத் தெரிய வேண்டுமே! தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. பின்னாளில் அதன் எழுதும் பெட்டியிலேயே தமிழ்99, ஒலிபெயர்ப்பு என்று விசைப்பலகையைத் தேர்ந்துகொள்ளும் வசதி வந்தது. தனியாக எதையும் நிறுவாமலே எழுத முடிந்தது.

பழகியவர், புதியவர்

2000-ல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5 வந்தபோது, பிரவுசருக்குள்ளேயே வேர்டு போலத் திருத்தும் வசதி கிடைத்தது. 2004-ல் வந்த டைனிஎம்சிஇ போன்ற எடிட்டர்கள் அதன்மேல் எழுந்தவை. 2005 டிசம்பரில் வேர்டுபிரஸ் அதைச் சேர்த்துக்கொண்டது. தடித்த எழுத்துக்கு ஒரு பொத்தான், படத்துக்கு ஒரு பொத்தான். ஆனால் வேர்டிலிருந்து நகலெடுத்து ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத குப்பைக் குறிகளும் சேர்ந்து வந்து பக்கத்தையே கோணலாக்கிவிடும். எங்கள் துறையில் இந்தத் தலைவலியைப் படாதவர் அபூர்வம்.

அடுத்த பாடம் 2013-ல். புதியவர்கள் குறிகளைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று விக்கிப்பீடியா ‘விஷுவல் எடிட்டர்’ கொண்டுவந்தது. ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் எல்லோருக்கும் திறந்தார்கள். மெதுவாக ஓடுகிறது, தேவையில்லாத குறிகளைப் புகுத்துகிறது என்று பழைய பங்களிப்பாளர்கள் கொதித்தார்கள். செப்டம்பரிலேயே அது விரும்பியவருக்கு மட்டும் என்றானது. 2018 டிசம்பரில் வேர்டுபிரஸ் 5.0 ‘குட்டன்பர்க்’ என்ற கட்டம் கட்டமாக எழுதும் எடிட்டரைக் கொண்டுவந்தபோதும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் பழைய எடிட்டரே வேண்டும் என்பவர்களுக்குத் தனிச் செருகுநிரல் கொடுத்தார்கள். லட்சக்கணக்கான தளங்கள் அதை எடுத்துக்கொண்டன. புதியவருக்குக் கதவு திறக்கும்போது பழகியவரின் கையைக் கட்டிவிடக் கூடாது என்பதே இரண்டும் சொல்லும் பாடம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை

எங்கள் துறையில் அடிக்கடி நடப்பது இது: திரை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு மேலாளர் வருவார், கணக்கு அதிகாரி வருவார். தினமும் எட்டு மணி நேரம் அந்தத் திரையில் தட்டச்சு செய்யப் போகிற அம்மாவை மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். பிறகு, “எங்க ஆட்களுக்கு கம்ப்யூட்டர் வரலை சார்” என்று பழி அவர்கள் மேல் விழும்.

நாளை நீங்கள் ஒரு பஞ்சாயத்து அலுவலகத்துக்கோ மருத்துவமனைக்கோ நம் கல்லூரிக்கோ திரை வரையலாம். அதற்கு முன் அந்த அம்மாவின் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். எங்கே தயங்குகிறார், எதைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள். டெஸ்லரும் மாட்டும் 1975-ல் செய்தது அதுதான், இன்றும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.