மந்தனும் செயற்கைக்கோளும்: திருநள்ளாற்றுச் செய்தி ஒன்றின் வரலாறு

திருநள்ளாற்றுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று வினாடி நின்றுபோகின்றன, அதைக் கண்டு நாசா வியந்தது என்றொரு செய்தி பத்தாண்டுகளுக்கும் மேலாக மின்னஞ்சலிலும் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றி வருகிறது. காரைக்கால் மாவட்டத்துத் தர்ப்பாரண்யேசுவரர் கோயிலில் உள்ள சனி சந்நிதியின் ஆற்றலே காரணம் என்று அது சொல்கிறது. நாசா அப்படி எதையும் வெளியிட்டதில்லை. பொய் என்று ஒரு சொல்லில் இதைத் தள்ளிவிடலாம். ஆனால் இந்தப் பொய் ஏன் இந்த ஊரைப் பற்றி, இந்த வடிவில் எழுந்தது என்ற கேள்வி அப்போதும் மிஞ்சும். இச்செய்தியின் கரு பழையது. அதற்குச் சான்று கூற அழைக்கப்பட்டவர் மட்டுமே புதியவர் என்பது என் வாதம். அந்த மாற்றத்தில் இப்பகுதி இழந்தது அதன் சொந்தக் கணக்கு மரபு.

முதலில் கருவைப் பார்ப்போம். சனைச்சரன் என்றால் மெல்லச் செல்பவன். மந்தன் என்ற பெயருக்கும் அதுவே பொருள். இவை பயத்தில் பிறந்த பெயர்கள் என்பதைவிட வானத்தைப் பார்த்துப் பிறந்த பெயர்கள் என்பதே பொருந்தும். வெறுங்கண்ணுக்குத் தெரியும் கோள்களில் சனியே மிக மெதுவாக நகர்வது: சூரியனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 29½ ஆண்டு, ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ 2½ ஆண்டு. தலபுராணம் இதனோடு இன்னொன்றைச் சேர்த்தது. மன்னன் நளனைத் தொடர்ந்து வந்த சனி, கோயில் வாசலைத் தாண்ட முடியாமல் நின்றது என்பது ஊர் வழக்கு. புகழேந்தியின் நளவெண்பாவில் நளனைப் பற்றுவது கலி. சனி அங்கே அந்த வேலையைச் செய்யவில்லை. கலியின் இடத்தில் சனி வந்து அமர்ந்த கதையே ஊர் ஊராகப் பரவியது. நாடக மேடையிலும் சனீசுவரன் மக்களை நடுங்க வைத்த வேடமானான். மெல்லச் செல்வது, வாசலில் நிற்பது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் செயற்கைக்கோள் செய்தியின் எலும்புக்கூடு தெரிகிறது. நிற்பது சனிக்குப் பதில் செயற்கைக்கோள், அவ்வளவுதான்.

இனிக் கணக்கு மரபு. காரைக்கால் 1739 முதல் 1954 வரை பெரும்பாலும் பிரெஞ்சு ஆட்சியில், புதுச்சேரியின் கீழ் இருந்தது. 1769-இல் வெள்ளி இடைநகர்வைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்து மேகத்தால் ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழான்தீல், அங்கே தமிழ்க் கணிதர்களிடம் கிரகணக் கணக்கைக் கற்று அதை ஐரோப்பாவுக்கு எழுதினார். 1825-இல் சென்னையில் வெளிவந்த ‘கால சங்கலித’த்தில் ஜான் வாரன், புதுச்சேரியில் இருந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றிக் குறிக்கிறார். அவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டு சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் பிழை நான்கு நிமிடமே. முடிவிலோ ஐம்பது நிமிடத்துக்கும் மேல். எனக்கு இந்தப் பிழை முக்கியமாகப் படுகிறது. பிழை இத்தனை நிமிடம் என்று சொல்ல முடிகிற கூற்று, வானத்தின் முன் தன்னைச் சோதனைக்கு வைத்த கூற்று. அந்தச் சோதனையைத் தமிழ்ச் சூழலில் தொடர்ந்து நடத்தச் சொன்னவர்களும் இருந்தார்கள். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றி, 1867-இல் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கம் கண்ணுக்குத் தெரியும் வானத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று வாதாடினார். பழைய வாக்கிய முறைக்கும், வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய திருக்கணித முறைக்கும் உள்ள வழக்கு இன்றும் தீரவில்லை.

பின்னர் வந்தது நாசாவின் காலம். 1985-இல் நாசாவில் பணியாற்றிய ரிக் பிரிக்ஸ் செயற்கை நுண்ணறிவையும் சமற்கிருதத்தையும் இணைத்து ஒரு கட்டுரை எழுதினார். அது நாளடைவில் நாசாவே அம்மொழிக்கு அளித்த சான்றிதழாகத் திரிந்தது. 2002-இல் நாசாவின் பாக் நீரிணைப் படங்கள் ராமர் பாலத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்டன; அந்தப் பொருள்கோள் தங்களுடையதல்ல என்று நாசா தரப்பு மறுத்தது. திருநள்ளாற்றுச் செய்தி இந்த வரிசையில் வருவது. உள்ளூர்க் கணிதரின் சோழி இருந்த இடத்தில் தொலைதூர நிறுவனம் ஒன்றின் பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை யாரும் சோதிப்பதில்லை.

சோதித்தால் என்ன ஆகும்? தாழ்ந்த பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏறத்தாழ 7½ கிலோமீட்டர் ஓடுகிறது. மூன்று வினாடி நின்றால் அதன் இடம் இருபது கிலோமீட்டருக்கு மேல் தவறும்; எடுக்கும் ஒவ்வொரு படமும் பிசகும். அதோடு, ஓட்டமே அதை விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழத் தொடங்கும். சனி ராசி மாறும் சனிப்பெயர்ச்சி விழாவை வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவரும் செயற்கைக்கோள்களோ நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. ஏறத்தாழ 11 பாகை வடக்கே உள்ள திருநள்ளாற்றின் உச்சிக்கு அவை வருவதே இல்லை.

பக்தியை வளர்க்கும் செய்தியால் யாருக்கு நட்டம் என்று கேட்கலாம். பக்தருக்கே நட்டம் என்பேன்: எள் தீபம் ஏற்றுபவரின் நம்பிக்கை இதுவரை அயல்நாட்டு முத்திரை கேட்டதில்லை. சோதிடமும் அறிவியல் அல்லவே, அதை மட்டும் ஏன் விட்டுவைக்கிறீர்கள் என்பது இன்னொரு மறுப்பு, இது வலுவானது. பலன் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பலன் வேறு, கோள்நிலைக் கணிதம் வேறு. கணிதப் பகுதியை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்த முடியும். 2025 மார்ச் 29 அன்று திருக்கணிதப்படி சனி பெயர்ந்தபோது, தாங்கள் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் பெயர்ச்சி 2026-இல்தான் என்று திருநள்ளாறு கோயில் நிர்வாகம் அறிவித்தது. கிட்டத்தட்ட ஓர் ஆண்டு வேறுபாடு! இது எப்படி வந்தது என்று காரைக்கால் பள்ளிகளில் ஒரு வகுப்பு நடத்தினால், சராசரி வேகம், திருத்தம், அயனாம்சம் எல்லாம் ஊர்க்கதையின் வழியே மாணவருக்கு வந்து சேரும். ஆசிரியர்கள் இதைச் செய்ய வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. சனி வெறுங்கண்ணுக்கே தெரியும் கோள், கோயிலின் நளதீர்த்தக் குளக்கரையிலிருந்தும் தெரியும்.